நூற்றைம்பது கிலோ தாங்கும்

நூற்றைம்பது கிலோ தாங்குமுங்க சார் என்று கடைக்கார அம்மா நாலாவது தடவையாகச் சொன்னதும் திருமூர்த்திக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தாங்கட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள். நஞ்சப்பா ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்தில் காலை பத்து மணியிலிருந்து இது மூன்றாவது கடை, மூன்று கடையிலும் இதே பாட்டுத்தான். முதல் கடைக்காரன் இருநூறு என்றான். இரண்டாவது கடையில் இருந்தவன் பாக்கை அதக்கிக்கொண்டு, பேச முடியாமல், மூன்று விரலைக் காட்டினான். தள்ளுவண்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. அவர் எவ்வளவு தாங்குவார் என்பதை ஒரே ஒருவர்தான் சொன்னார், எலும்பு டாக்டர், அதுவும் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டே. ஐந்து கிலோ. அதற்கு மேல் தூக்கக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கவே கூடாது. தொழில் என்ன பண்றீங்க என்று கேட்டார். வீடியோ எடுக்கிறேன் என்றதும், அப்ப ஒண்ணும் கவலையில்ல, நின்னுக்கிட்டே பண்ற வேலைதானே என்று சிரித்தார். நின்றுகொண்டே பண்ணுகிற வேலையாம். கேமரா தானாக நடந்து வந்து ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இருபத்தாறு வருஷமாகத் திருமூர்த்தி செய்துவருவதில் முக்கால்வாசி தூக்குவதுதான். வேனிலிருந்து தூக்கு, படியில் தூக்கு, மேடைக்குத் தூக்கு, எல்லாம் முடிந்து ஜனங்கள் சாப்பிடப் போனபின் மறுபடி வேனுக்குத் தூக்கு. நடுவில் கொஞ்ச நேரம் படம் எடுப்பது. கேமராப் பெட்டி இருபத்திரண்டு கிலோ, லென்ஸ் பெட்டி பதினெட்டு. இரண்டும் இப்போது வாசலில் நிற்கும் வேனுக்குள் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தன.

"எங்கீங்க சார் ஓட்டப்போறீங்க, குடோனுக்குங்களா?"

"மில்லுக்குங்க. ஸ்பின்னிங் மில். உள்ள வீடியோ எடுக்கறோம். கேமரா, லைட்டு எல்லாம் ஏத்தி எடம் எடமா நகத்தணும், பன்னண்டு நாளு."

"மில்லுக்குங்களா? அப்பறம் ஏனுங் சார் அந்தப் பக்கமே நிக்கறீங்க. அதெல்லாம் ஏர்போர்ட்டுல பொட்டி தள்றதுங்க. மில்லுன்னா இங்க வாங்க."

அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கிடங்கிலிருந்து யாரோ அம்சவேணியக்கா, நாலு இஞ்சு வீலு எங்க என்று கத்தியதற்கு, உன்ற காலுக்குக் கீழதான்டா என்று பதில் கத்திவிட்டு, ஓர் இரும்பு வண்டியை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினார். சாம்பல் நிற வண்டி. அழகு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தகடும் குழாயும் வீலும், அவ்வளவுதான். பஞ்சாலைத் தரையில் நூலும் பஞ்சும் கிடக்கும், அது வீலின் அச்சில் சுற்றிச் சுற்றி ஏறும், சாதாரண வண்டியென்றால் மத்தியானத்துக்குள் வீல் சுற்றாமல் செத்த காலை இழுப்பதுபோல இழுபடும், அதனால் இதில் அச்சுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டிருக்கிறது என்று அந்தம்மா காட்டினார். திருமூர்த்தி குனியாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். மூடி இருந்தது. அருமையான மூடி. ஒன்றரை மாசமாக அவர் போனில் நோண்டாத வண்டி இல்லை. காற்றடிக்கிற டயர், கெட்டி ரப்பர், மடிகிறது, மடியாதது, இரண்டு தட்டு, மூன்று தட்டு, வெள்ளைக்காரன் ஒருவன் ஆற்று மணலில் இழுத்துக் காட்டுகிறது எல்லாம் பார்த்தாயிற்று. நூல் சிக்குமே என்று ஒரு பயலும் சொல்லவில்லை. இந்த அம்மா வந்த அஞ்சாவது நிமிஷம் சொல்கிறார். சந்தோஷப்பட வேண்டிய இடம். அவருக்கோ, வேண்டியது கிடைத்துவிட்டதே, இனி என்ன சாக்குச் சொல்வது என்றுதான் தோன்றியது.

சாக்கு என்ற வார்த்தை மனசுக்குள் வந்ததும் அதையும் கோபித்துக்கொண்டார். சாக்கு ஒன்றுமில்லை, பார்த்துத்தான் வாங்க வேண்டும், முன்னால் வாங்கிய வண்டி என்ன ஆயிற்று, பளபளவென்று இருக்கிறது என்று வாங்கி, பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சாக்கடை மூடியின் ஓட்டையில் முன்வீல் இறங்கி, லைட் இரண்டும் சம்பந்தி வீட்டார் காலடியில் போய் விழுந்து, பெண்ணின் சித்தப்பா சகுனம் சரியில்லை என்று ஆரம்பித்து, வண்டியின் வீல் குட்டையாக இருந்ததற்கு ஒரு கல்யாணமே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. வண்டி என்றால் தாங்க வேண்டும். மேடு பள்ளம் தாங்க வேண்டும், மழை தாங்க வேண்டும், தாங்கமாட்டேன் என்று நடுவழியில் உட்கார்ந்துவிடுகிற வண்டி எதற்கு. நடுவழியில் உட்காருவது. அவர் உட்கார்ந்தது குளியலறையில். அதுதான் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஒரு ஷூட்டிங்கில் விழுந்திருந்தாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தேருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து எடுத்தேன், அப்போது பிடித்தது என்று. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளாஸ்டிக் மக்கை எடுக்கக் குனிந்தார், காலி மக்கு, இடுப்பில் பட்டென்று ஒன்று நழுவியது. மூச்சு நின்றது. மக்கு கையில், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றார் என்று தெரியாது. வலது காலின் சுண்டுவிரல் பக்கம் அன்றைக்குப் போன உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. செருப்பு கழன்றால் தெரிவதில்லை. மனைவி கலாவதிக்கு இடுப்புவலி என்ற மட்டில் தெரியும், தைலம் தேய்த்துவிடுகிறாள், கிலோக்கணக்குத் தெரியாது. தெரிந்தால் தொழிலை விடு என்பாள். விட்டுவிட்டு என்ன செய்வது, மொட்டைமாடியில் நின்று மேகத்தை எடுப்பதா.

"வேன்ல பொட்டி வெச்சிருக்கறீங்கல்லொ சார்? ஒருக்கா ஏத்திப் பாத்துப் போடுங்க. ஏத்திப் பாத்தாத்தான் மனசுக்குத் திருப்தி."

"பாக்கலாம் பாக்கலாம். இந்தக் கைப்பிடி கொஞ்சம் தாழ்வா இருக்குதுங்களே?"

"அதை ஏத்தி எறக்கிக்கலாமுங்க, இந்தத் திருகைத் தளர்த்துங்க, அவ்ளோதான்."

"பிரேக்கு ரெண்டு வீலுக்குத்தான் இருக்குது."

"நாலுக்கும் போட்டுத் தரச் சொல்றனுங்க."

"சத்தம் வரும் போல. உள்ள பேசறதை ரெக்கார்டு பண்ணும்போது..."

"மில்லுக்குள்ள உங்களுக்கு வண்டிச் சத்தம் கேக்குமுங்களா சார்?" என்று அந்தம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நூறு மெஷின் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே கேட்காது. திருமூர்த்தி பெயிண்ட் உரியுமா என்று கேட்டார். துரு பிடிக்குமா என்று கேட்டார். தட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறதே, வயர் அறுந்துவிடாதா என்று கேட்டார். அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார், ரப்பர் பட்டை ஒட்டித் தருகிறேன், வேண்டுமானால் மேல் தட்டுக்கு மேட் போட்டுத் தருகிறேன் என்று. கடைசியில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்து அவரை நன்றாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங் சார், நீங்க வண்டி பாக்க வந்தீங்களா, குத்தம் பாக்க வந்தீங்களா?"

கோபித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். சந்தில் இன்னும் இரண்டு கடை இருக்கிறது. ஆனால் அந்தக் கடைகளிலும் ஏத்திப் பாருங்க என்பார்கள், ஏனென்றால் வண்டி விற்கிறவன் வேறென்ன சொல்வான், சேலைக் கடையில் தோளில் போட்டுப் பாருங்க என்கிற மாதிரிதானே. தப்பு அவரிடம். பெட்டிகளைக் கொண்டுவந்ததே தப்பு. அதுவும் ஜெசிந்தாவால். நேற்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள், பெட்டிய ஏத்திப் பாக்காம வாங்கிராதீங்கண்ணா, போன தடவ மாதிரி ஆயிரும், நானும் பன்னண்டு மணிக்கு வந்தர்றேன் என்று. பதினாலு வருஷமாக அவரோடு சேர்ந்து தொழில் பண்ணுகிறவள், பாதிக் கம்பெனி அவளுடையது, ஒரு கேமரா அவர், ஒரு கேமரா அவள், வண்டி வாங்குவதில் அவளுக்கு இல்லாத உரிமையா. சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பாவத்துக்கு, காலையில் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பெட்டிகளை வேனில் ஏற்றச் சொன்னார். இறக்குவதற்கு வாட்ச்மேனைக் கூடவே கூட்டிவர முடியுமா. நாலு மாசமாக அவருடைய பிழைப்பே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் ஜெசிந்தாவுக்கு அரைமணி நேரம் முன்னால் போவது, அங்கே இருக்கிற செக்யூரிட்டியையோ சமையல்காரர்களின் ஆளையோ நைசாகப் பிடித்துப் பெட்டியை இறக்கிவிடுவது, அவள் வரும்போது தானே இறக்கியதுபோல நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பது. உடுமலையில் ஒருநாள் ஆளே கிடைக்கவில்லை. அவள் வந்துவிட்டாள். உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமே இல்லாத போனில், ஆமாங்க, சரிங்க, அப்படீங்களா என்று இருபத்தைந்து நிமிஷம் வேனைச் சுற்றி நடந்தார், பந்தல்காரர்கள் வந்துசேரும்வரை. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் எதிர்முனையில் இல்லாத அந்த ஆள் ஒரு வீடு கட்டுவதைப் பற்றியெல்லாம் அவரிடம் பேசிவிட்டான். நாற்பத்தொன்பது வயசில் இப்படி ஒரு நாடகம். வெட்கமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

ஜெசி, இதைக் கொஞ்சம் பிடி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல முடியாது. ஏனென்றால் அவர்கள் யூனிட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, அவனவன் பெட்டியை அவனவன்தான் தூக்கணும், அடுத்தவன் பெட்டியை யாரும் தொடக் கூடாது. ஆரம்பத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விழாவில், உதவிக்கு வந்த ஒருவன் லென்ஸ் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயே திறக்கவில்லை, மூன்று மணி நேரம் எடுத்ததெல்லாம் ஒரு பக்கம் மங்கலாக வந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம். போட்டது யார். சாட்சாத் திருமூர்த்தியேதான். சட்டம் போட்டதோடு விட்டாரா. குமரவேல் என்று ஒருத்தர் சவுண்டு ரெக்கார்டு பண்ண வந்துகொண்டிருந்தார், தங்கமான மனிதர், இவரைவிட மூன்று வயசு மூத்தவர். பேரூரில் ஷூட்டிங், சாயங்காலம் திடீரென்று மழை, திருமூர்த்தி உள்ளே யாரையோ பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார், வெளியே கேமராப் பெட்டி நனையப்போகிறது. குமரவேல் ஓடிப்போய் எடுத்துத் தாழ்வாரத்தில் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். அதற்கு நாற்பது பேர் முன்னால் திருமூர்த்தி கத்திய கத்தல் இருக்கிறதே. யாரைக் கேட்டுத் தொட்டே, என்றார். தொட்டே. மூத்தவரை ஒருமையில். குமரவேல் மைக்கையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துடைத்துக்கூட வைத்திருந்தார் மனிதர். இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இந்த நாலு மாசத்தில்தான் அது தினமும் ஞாபகம் வருகிறது, பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, தொட்டே தொட்டே என்று அவருடைய குரலே அவருக்குக் கேட்கிறது. போன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது. கேட்டால் ஏன் இப்போது என்று கேட்பார். ஏன் இப்போது என்றால் என்ன சொல்வது.

அதனால்தான் வண்டி. வண்டி வந்துவிட்டால் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும், தள்ளுகிறவனைப் பார்த்து யாரும் ஏன் தள்ளுகிறாய் என்று கேட்கமாட்டார்கள், பெரிய பெரிய யூனிட்டிலெல்லாம் தள்ளுகிறார்கள், இன்னும் கௌரவம்தான். ஒன்றரை மாசமாக இந்த நினைப்பில்தான் தூங்கினார். நல்ல வண்டி, தாங்குகிற வண்டி, அது ஒன்று அமைந்துவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம். அம்சவேணி அம்மா வேறு ஆளைக் கவனிக்கப் போயிருந்தார். சாம்பல் வண்டியும் அவரும் எதிரெதிரே நின்றார்கள். மேல் தட்டு தொடை உயரம். கீழ்த் தட்டு தரையிலிருந்து ஒரு சாண். அவர் அந்தச் சாணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி தரையில் இருக்கிறது, வண்டி பக்கத்தில் இருக்கிறது. பெட்டி எப்படி மேலே போகும். மேலே போன பெட்டி எப்படிக் கீழே வரும். வேனிலிருந்து வண்டிக்கு யார் மாற்றுவது. வண்டியிலிருந்து கேமராவை எடுத்து ஸ்டாண்டில் யார் மாட்டுவது. மில்லில் நாலு படி இருக்கிறதே கேண்டீன் பக்கம், அங்கே வண்டியோடு சேர்த்து யார் தூக்குவது. கடை முழுக்கப் பார்த்தார். நாற்பது ஐம்பது வண்டி இருக்கும், சிவப்பு, நீலம், ஸ்டீல், மூங்கில் கூடை வைத்தது, காஸ் சிலிண்டர் ஏற்றுவது, ஒவ்வொன்றும் யாராவது வந்து எதையாவது தூக்கி வைக்கட்டும் என்று நிற்கிறது. வீலைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், ஒன்றரை மாசம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு குழந்தைக்குத் தெரிகிற விஷயம் அவருக்குத் தோன்றவில்லை. தன் மேலேயே அவருக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, அந்த வண்டியை எட்டி உதைக்க வேண்டும் போல. உதைத்தால் மறுபடி இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த வசதிகூட இல்லை.

ஜெசிந்தா ஸ்கூட்டரை வேனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டே வந்தாள். முகம் வேர்த்திருந்தது. வந்தவள் சாம்பல் வண்டியைச் சுற்றி வந்து, வீலைக் காலால் சுழற்றிப் பார்த்து, அச்சு மூடியைத் தட்டிப் பார்த்து, திடீரென்று கீழ்த் தட்டில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தாள்.

"அம்மணி, பாத்துங்க, வழுக்கிப்போடும்," என்று அம்சவேணி அம்மா ஓடிவந்தார்.

"அறுபத்தெட்டு கிலோ இருக்கறனுங்க. தாங்குது. இதுவே இருக்கட்டும்ணா, நல்ல வண்டி. உங்களுக்கு எப்படிப் படுது?"

"பரவால்ல."

"பெட்டி ஏத்திப் பாத்தீங்களா?"

"இல்ல, நீ வரட்டும்னு..."

"சார் ஏத்த மாட்டீங்கறாருங்க," என்றார் அம்சவேணி அம்மா, யாரிடம் கோள் சொல்கிறோம் என்றே தெரியாமல். "நானும் ஒரு மணி நேரமாச் சொல்லிப் பாத்துட்டேன்."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியின் கைப்பிடியைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் வேனின் பின்கதவுக்கு நேராக நிறுத்தினாள். நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். திருமூர்த்தி பின்னாலேயே வந்து கதவைத் திறந்தார். கதவைத் திறக்க அவரால் முடியும். கதவைத் திறப்பதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பெட்டியும் இருந்தன, கருப்பு, மூலையில் வெள்ளை பெயிண்டில் தி.மூ. என்று எழுதியது. கேமராப் பெட்டியின் பிடியில் கையை வைத்தார். வெயிலில் நின்ற வேன், பிடி சுட்டது. இழுத்து விளிம்புவரை கொண்டுவந்துவிடலாம், இழுப்பது தூக்குவது ஆகாது, விளிம்பில் சாய்த்து, முட்டியைக் கொடுத்து, அப்படியே மேல் தட்டுக்கு நழுவவிடலாம், மேல் தட்டு வேனின் தளத்தைவிட நாலு விரல் தாழ்வாகத்தான் இருக்கிறது, நழுவினால் தானாகப் போய் உட்காரும். உட்காரவில்லை என்றால்? பாதியில் நின்றால் பிடிக்க வேண்டும். பிடித்தால் முடிந்தது கதை. இந்தச் சந்தில், பாக்குக்காரனும் மற்றவர்களும் பார்க்க, குளியலறையில் நின்றதுபோல நிமிர முடியாமல், ஆம்புலன்ஸ் இந்தச் சந்துக்குள் வருமா, ஸ்கூட்டரே வளைந்து வளைந்துதான் வருகிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது முதல் ஷாட். அவர் இல்லாமல் அவள் ஒருத்தி எப்படி எடுப்பாள். வேறு ஆளைக் கூட்டிக்கொள்வாள். அந்த ஆள் நன்றாக எடுப்பான். இப்போது எல்லோரும் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த வேலைக்கும் அவனே வருவான், அப்புறம் விசாரிக்க வருவார்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. கை பிடியில் இருக்கிறது. வியர்வை. ஜெசி ஏதாவது சொல்லேன், நான் எடுக்கட்டுமா என்று கேளேன், கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டாள். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவருடைய பெட்டியைத் தொட்டதில்லை, கால் பட்டால்கூட நகர்ந்துகொள்வாள், அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். அவள் பார்வை பெட்டியில் இல்லை, அவருடைய இடுப்பில் இருந்தது. சட்டைக்குள் டாக்டர் கட்டச் சொன்ன பெல்ட் இருக்கும் இடத்தில்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"உடுமலையில. இருவத்தஞ்சு நிமிஷம் போன் பேசுனீங்களே, போனைத் தலைகீழாப் பிடிச்சுட்டு இருந்தீங்க."

"தெரிஞ்சுட்டா வாயை மூடிட்டு இருந்தே? இத்தனை நாளா நான் படற பாட்டைப் பாத்துட்டு?"

"நான் என்னண்ணா கேப்பேன்? குமரவேலண்ணன் மழையில எடுத்து வெச்சதுக்கு என்ன ஆச்சுன்னு நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன்." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது, மூக்கு சிவந்துவிட்டது. "ஒவ்வொரு நாளும், இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு இருக்கறேன். அரைமணி நேரம் முன்னால வர்றீங்கன்னு தெரிஞ்சு, உங்களுக்கு ஆளு கெடைக்கட்டும்னு நான் பேக்கரில உக்காந்துட்டு வர்றேன். எனக்கு டீயே புடிக்காது. நானா தொட மாட்டேன்ணா. நீங்கதான் சொல்லணும்."

பேக்கரியில் உட்கார்ந்திருந்தாளாம். அவர் ஒளிந்துகொள்ள, அவள் அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறாள், இத்தனை நாளும் இரண்டு பேரும். செக்யூரிட்டிகளுக்குத் தெரியும், பந்தல்காரர்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். தெரியாது என்று அவர் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கெஞ்சிக் கேட்பதில்கூட இவ்வளவு அவமானம் இருந்திருக்காது. அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது, என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அவள் செய்ததெல்லாம் அவர் போட்ட சட்டப்படி.

"தூக்க முடியல ஜெசி."

"எது?"

"எதுவுமே. அஞ்சு கிலோவுக்கு மேல எதுவுமே கூடாதுங்கறாரு டாக்டர்." சொல்லிவிட்டார். சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடி போயிற்று. அம்சவேணி அம்மா வாசற்படியில் நின்றபடி, எங்க வீட்டுக்காரருக்கும் அதே டிஸ்க்குதானுங் சார், குப்புறப் படுத்துத்தான் டிவி பாக்கறாரு, என்றார். எதிர்க்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெசிந்தா அப்படியேதான் நின்றாள், கையைக் கட்டியபடி. இன்னும் என்ன என்பதுபோல. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது முன்னால் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எம் பெட்டிய எறக்கு," என்றார்.

அவள் ஹெல்மெட்டை வேனுக்குள் வைத்துவிட்டு வந்து பிடியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி விளிம்புக்கு வந்தது. ஒரு கையால் பிடியையும் மறு கையால் பக்கத்தையும் பிடித்துத் தூக்கினாள். இவ்வளவு கனத்தை எதிர்பார்க்கவில்லை போல, ஒரு பக்கம் சாய்ந்தது. திருமூர்த்திக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

"அடியில கை குடு! அறிவிருக்கா, பக்கத்துல புடிக்கறே, அடியில குடு!"

அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுவிட்டாள். வைக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. அவரையே பார்த்தாள். அதே கத்தல், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திருமூர்த்தி வாயை மூடிக்கொண்டார். வண்டி லேசாக உருண்டது, பிரேக் போடவில்லை, அவர் ஓடிப்போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். அவள் அடியில் கையைக் கொடுத்து, மெதுவாக, சத்தமில்லாமல், மேல் தட்டில் பெட்டியை வைத்தாள். அவர் வைத்திருந்தால் இதைவிட நன்றாக வைத்திருக்க முடியாது. வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாயில் வந்தது எரிச்சல்தான். அவள்மேல் எரிச்சல், இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று எரிச்சல், கண்ணில் தண்ணீர் வருகிறதே, அதுவும் கடை வாசலில் வைத்து வருகிறதே என்று எரிச்சல். கைப்பிடியை விட்டால் வண்டி உருளும் என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஜெசிந்தா குனிந்து ஹெல்மெட்டை எடுக்கப் போனாள்.

"லென்ஸ் பெட்டி இன்னும் உள்ள இருக்குது," என்றார் திருமூர்த்தி. "அதையும் எடு."